பழைய ஹைலக்ஸ் பக்கிக்கு ஃபார்ச்சூனர் வீல் மாட்டுறதுக்கு முன்னாடி இதப் படிங்க

பெரியப்பாவோட பக்கி 1996 மாடல் ஹைலக்ஸ் ஃபோர்-பை-ஃபோர், 2.8 டீசல், சிங்கிள் கேப். முன்னாடியும் பின்னாடியும் சாலிட் ஆக்ஸில் (ரெண்டு வீலையும் சேக்குற ஒரே துண்டு அச்சு), நாலு மூலையிலயும் லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையா அடுக்குன ஸ்பிரிங்). (வெளிநாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்கு: இங்க சவுத் ஆப்பிரிக்காவுல பிக்கப்புக்குப் பேரு பக்கி, அலாய் வீலுக்குப் பேரு மேக்.) டோங்காட் பக்கம் தோட்டத்துல வாழைத்தார் ஏத்துறதுல ஆரம்பிச்சு தைப்பூசத்துக்குக் கோயிலுக்கு அண்டா குண்டா கொண்டு போற வரைக்கும் எல்லாமே அந்த வண்டிதான். போன வருஷம் பழைய 15 இன்ச் இரும்பு ரிம்முல ரெண்டு, டயர் ஒக்கார்ற விளிம்புல துரு தின்னு காத்து நிக்கவே மாட்டேன்னுச்சு, வாரத்துக்கு ரெண்டு தடவ காத்தடிச்சு அடிச்சு பெரியப்பா சலிச்சுப் போயிட்டாரு. அந்த நேரத்துல தெரிஞ்சவர் ஒருத்தர் ஃபார்ச்சூனர்ல இருந்து கழட்டுன 17 இன்ச் மேக் நாலு, டயரோட சேத்து தர்றேன்னாரு. ஆறு ஓட்டை, டொயோட்டாவுக்கு டொயோட்டா, மாட்டிட்டு போயிட்டே இருக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன்.

மாட்டவும் மாட்டியாச்சு, ஓடவும் ஓடுச்சு, ஆனா மூணாவது வாரம் நடந்தது இப்ப நினைச்சாலும் வயித்தக் கலக்குது, அத நட்டு பத்திச் சொல்றப்ப சொல்றேன். அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா அளந்து, கழட்டி, மறுபடி மாட்டி, இப்ப அதே பக்கி அதே மாதிரி வீல்ல நிம்மதியா ஓடிட்டிருக்கு. ஹப்புல (ஆக்ஸில் முனையில வீல் மாட்டுற எடம்) ஏறுற வீல் வேற, வண்டிக்குப் பொருந்துற வீல் வேற, இத யாராவது முதல்லயே எனக்கு உக்கார வெச்சு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னுதான் இத எழுதுறேன்.

வாங்குறதுக்கு முன்னாடி

டர்பன்ல இந்த வீல் ஏன் இவ்ளோ சுலபமா கெடைக்குதுன்னா, ஹைலக்ஸும் ஃபார்ச்சூனரும் நம்ம ப்ராஸ்பெக்டன் ஃபேக்டரியிலதான் தயாராகுது, புதுசா வாங்குறவங்க நெறைய பேர் ஒரு மாசம் கூட ஓட்டாம கம்பெனி வீல கழட்டிட்டு பெருசா கறுப்பா ஒரு செட்டு மாட்டிக்கறாங்க. கழட்டுன செட்டு விலைக்கு வருது. நல்ல சரக்குதான், கடையில விக்கிற பேர் தெரியாத புது மேக்க விட கம்பெனி வீல் பல மடங்கு மேல். ஆனா வீல் திருட்டும் இங்க சாதாரணம்ங்கறதால ரசீது இல்லாம வாங்காதீங்க. 2009 சட்டப்படி செகண்ட் ஹேண்ட் சாமான் யாவாரம் பண்றவங்க போலீஸ்ல பதிஞ்சிருக்கணும், யார்கிட்ட வாங்குனாங்கன்னு ரெஜிஸ்டர் வெச்சிருக்கணும், அதனால நல்ல கடைக்காரர் ரசீது கேட்டா கோவிச்சுக்க மாட்டாரு. தனியாள்கிட்ட வாங்குனா ஒரு தாள்ல எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க.

வீல படுக்க வெச்சு பின் பக்கத்தப் பாருங்க, முன் பக்கத்தப் பாத்து ஏமாறாதீங்க, அங்கதான் பாலிஷ் போட்டு வெச்சிருப்பாங்க. உள் விளிம்புல நெளிசல், வெல்டு போட்ட தழும்பு, ஸ்போக்கோட அடியில மயிரிழை மாதிரி விரிசல், இதுல எது இருந்தாலும் வேணாம். முடிஞ்சா டயர் கடையில பேலன்சிங் மெஷின்ல ஒரு சுத்து சுத்திப் பாக்கச் சொல்லுங்க, ஆடுற வீல் அங்கேயே காட்டிக் குடுத்துடும். டயரோட வாங்குனா ஓரத்துல கடைசியா இருக்கற நாலு எண்ணப் பாருங்க, 2315ன்னு இருந்தா 2015ல 23வது வாரம் செஞ்சது. பட்டன் நெறைய இருக்குன்னு பழைய டயர வாங்கிடாதீங்க, வருஷக் கணக்கா வெயில்ல கெடந்த ரப்பர் வெடிச்சுதான் போகும். லோடு இண்டெக்ஸும் பாத்துக்கோங்க, 112ன்னா ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், வாழைத்தார் ஏத்துற வண்டிக்கு அதுக்குக் கீழ நான் போகவே மாட்டேன்.

ஓட்டையும் நடுத் துளையும்

ஹப்புல நீட்டிட்டு இருக்கற, நட்டு ஏறுற போல்ட்டுதான் ஸ்டட், அந்த ஸ்டட்டெல்லாம் நிக்கிற வட்டத்தோட விட்டம்தான் பிசிடி. ஆறு ஸ்டட் வண்டிக்கு அத அளக்குறது ரொம்ப சுலபம். எதிரெதிர் ஸ்டட்டு ரெண்டோட மையத்துல இருந்து மையத்துக்கு அளந்தா அதுதான் பிசிடி. மையம் கண்டுபிடிக்கறது கஷ்டமா இருந்தா ஒரு ஓட்டையோட வெளி விளிம்புல இருந்து எதிர் ஓட்டையோட உள் விளிம்பு வரைக்கும் அளங்க, அதே எண்தான் வரும். ஹைலக்ஸுக்கும் ஃபார்ச்சூனருக்கும் 139.7 மில்லிமீட்டர். பக்கத்துப் பக்கத்து ஓட்டைக்கு நடுவுல அதுல சரிபாதி, 70க்கு ஒரு முடியளவு கம்மி வரணும், சந்தேகம்னா அதையும் அளந்து பாத்துக்கலாம்.

ஆறு ஓட்டை 139.7ன்னு கேட்டதும் ஆளாளுக்கு எந்த வீலையாவது தூக்கிட்டு வருவாங்க, அங்கதான் நடுத் துளை ஆள மாட்டி விடும். ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வீலுக்கு நடுத் துளை 106 மில்லிமீட்டர். 2012க்கு அப்புறம் வந்த ஃபோர்டு ரேஞ்சருக்கு பிசிடி அதேதான், ஆனா நடுத் துளை 93.1. மிட்சுபிஷி ட்ரைட்டனுக்கு 67.1. பழைய ஹைலக்ஸோட முன் ஹப்புல ஃப்ரீவீல் லாக் (ஃபோர்-வீல் போடுறப்ப முன் வீல ஆக்ஸிலோட சேக்குற பூட்டு) ஒரு டம்ளர் மாதிரி வெளிய நீட்டிட்டு இருக்குல்ல, அந்த வீலெல்லாம் அதுக்கு மேல ஏறவே ஏறாது. அப்ப சில பேர் லேத்துல குடுத்து துளைய பெருசாக்கிக்கலாம்னு சொல்லுவாங்க, செய்யாதீங்க, அந்த இடத்துல எவ்ளோ உலோகம் இருக்கு, அதுல எவ்ளோ எடுத்தா தாங்கும்னு யாருக்கும் தெரியாது. நிசான் பெட்ரோல் வீல் துளை 110, அது ஏறும், ஆனா லூசா ஒக்காரும். நிசான் நட்டையும் சேத்து எடுத்துட்டு வந்துடாதீங்க, அது 12க்கு 1.25 மரை (ஸ்டட் 12 மில்லிமீட்டர், ஒரு சுத்துக்கு 1.25 ஏறும்), டொயோட்டா 12க்கு 1.5, ரெண்டு சுத்து ஏறி அப்புறம் மரைய தின்னுடும். நவாரா டி40 ஆறு ஓட்டைதான், ஆனா 114.3, அதுக்கு டேப் கூட எடுக்க வேணாம்.

ஃபார்ச்சூனர் வீல் நடு மூடி முன் ஹப்புல ஒக்காராது, ஃப்ரீவீல் லாக் இடிக்கும். பின்னாடி மட்டும் போட்டுக்கலாம். நாங்க நாலையும் எடுத்துட்டோம், பாக்க அதுவே நல்லாத்தான் இருக்கு.

ஆஃப்செட், கண்ணுக்குத் தெரியாத கணக்கு

வீல வெளிய இருந்து பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியும், வித்தியாசம் உள் பக்கத்துல இருக்கு. வீலோட அகலத்துக்கு நட்ட நடுவுல ஒரு கோடு போட்டா, ஹப்புல ஒக்கார்ற முகம் அந்தக் கோட்டுல இருந்து எவ்ளோ தள்ளி இருக்குங்கறதுதான் ஆஃப்செட். அது வெளிப் பக்கமா தள்ளி இருந்தா ப்ளஸ், அப்ப வீல் வண்டிக்குள்ள போகும். உள் பக்கமா இருந்தா மைனஸ், வீல் வெளிய நீட்டும். ஃபார்ச்சூனரோட 17க்கு 7.5 வீலுக்கு (17 இன்ச் விட்டம், 7.5 இன்ச் அகலம்) ப்ளஸ் 30 மில்லிமீட்டர்.

உங்க பழைய வீலுக்கு எவ்ளோன்னு எழுதியிருக்காது, இருந்தாலும் துருவுல அழிஞ்சிருக்கும், அதனால அளந்துடுங்க. டயர கழட்டிட்டு வெறும் ரிம்ம முகம் கீழ இருக்கற மாதிரி கவுத்து வெச்சு, பின் விளிம்பு மேல ஒரு நேரான கட்டைய குறுக்கால வெச்சு, கட்டையில இருந்து ஹப்புல ஒக்கார்ற முகம் வரைக்கும் ஆழத்த அளங்க. ரிம்மோட மொத்த அகலத்தையும், விளிம்பு ரெண்டும் சேத்து அளங்க (7 இன்ச் ரிம்முன்னா மொத்தம் 8 இன்ச் கிட்ட வரும், ஏன்னா அந்த 7ங்கறது டயர் ஒக்கார்ற இடத்த மட்டும்தான் சொல்லுது). ஆழத்துல இருந்து மொத்த அகலத்தோட பாதிய கழிச்சா வர்றது ஆஃப்செட்.

எங்க பக்கியோட 15க்கு 7 இரும்பு ரிம்முக்கு ஆழம் 114 வந்துச்சு, மொத்த அகலம் 203, அதுல பாதி 101.5, ஆக ஆஃப்செட் 12 சொச்சம். புது வீலுக்கு 30. அப்ப வீலோட நடுக்கோடு 18 மில்லிமீட்டர் உள்ள போகுது. டயரும் 235ல இருந்து 265 ஆகுது, 30 அகலம் கூட, அதுல பாதி 15 உள் பக்கம், 15 வெளிப் பக்கம். உள் பக்கம் 18ம் 15ம் சேந்து 33 மில்லிமீட்டர் லீஃப் ஸ்பிரிங்க நெருங்கிடுச்சு. வெளிப் பக்கம் பாத்தா 18 உள்ள போயி 15 வெளிய வந்து வெறும் 3 மில்லிமீட்டர்தான் மாத்தம், அதனாலதான் வெளிய நின்னு பாத்த எல்லாரும் "அச்சா பொருந்திடுச்சு"ன்னாங்க. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சப்பதான் சத்தம் வந்துச்சு, இடது பக்கம் டயர் ஸ்பிரிங்கோட ஓரத்துல உரசி ரப்பர் பொடி கொட்டிக் கெடந்துச்சு.

இதுக்கு வண்டிய ஒசத்தணும்னு லிஃப்ட் கிட் வாங்கச் சொல்றவங்க இருக்காங்க. ஸ்பிரிங்கும் டயரும் ஒரே ஆக்ஸில்லதான் இருக்கு, பாடிய எவ்ளோ ஒசத்துனாலும் இந்த உரசல் போகாது, பணம்தான் போகும்.

சரியான வழி மூணு. முதல் வழி, ஆஃப்செட் பொருந்துற வேற வீல் தேடுறது: 80 சீரிஸ் லேண்ட் க்ரூசரோட 16க்கு 8 மேக் ஆஃப்செட் பூஜ்யம், அதுல 265/70 டயர் போட்டா எங்க கணக்குப்படி உள்ள வெறும் 3 மில்லிமீட்டர்தான் நெருங்கும், வெளிய 27 தள்ளும். சாலிட் ஆக்ஸில் ஹைலக்ஸுக்கு அதவிட நல்ல வீல் இல்லைன்னு நான் சொல்லுவேன், ஆனா கெடைக்கணும், கெடைச்சாலும் விலை சொல்லுவாங்க.

ரெண்டாவது வழிதான் நாங்க செஞ்சது. முன் ஆக்ஸிலோட நக்கிள்ல (வீல் திரும்புற மூட்டு) ரெண்டு பக்கமும் ஸ்டாப் போல்ட் ஒண்ணு இருக்கும், ஸ்டியரிங் அதுக்கு மேல ஒடியாம தடுக்குறது அதுதான். லாக் நட்ட லூஸ் பண்ணி போல்ட்ட கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுத்தா ஒடியுற அளவு குறையும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு வரணும், கடைசியில லாக் நட்ட நல்லா இறுக்கணும். இந்தப் போல்ட்ட எதிர்ப் பக்கமா, அதாவது இன்னும் அதிகமா ஒடியுற மாதிரி திருப்பவே கூடாது, உள்ள இருக்கற பர்ஃபீல்ட் ஜாயின்ட்ட (திரும்புன வீலுக்கும் இன்ஜின் சக்திய கொண்டு போற மூட்டு) காப்பாத்துறதும் இதே போல்ட்டுதான். இப்ப எங்க பக்கி திரும்ப கொஞ்சம் எடம் கூட கேக்குது, சாட்ஸ்வர்த்துல அத்தை வீட்டு சரிவான டிரைவ்வேயில முன்னாடி ஒரே மூச்சுல திரும்புனது இப்ப ஒரு ரிவர்ஸ் போட்டு திரும்புது. அதுல பெரியப்பாவுக்கு வருத்தம் இல்ல.

மூணாவது ஸ்பேசர். 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டா உள்ள நெருங்குன 33, 8 ஆயிடும், வெளிய 22 நீட்டும். கணக்கு அழகாத்தான் இருக்கு. ஆனா லோடு ஏத்துற வண்டிக்கு நான் போட மாட்டேன், எடை வெளிய தள்ளித் தள்ளி வீல் பேரிங்கும் கிங்பின் பேரிங்கும் சீக்கிரம் போகும், போதாததுக்கு செக் பண்ண வேண்டிய நட்டு ரெண்டு மடங்காகுது, அதுல பாதி வீலுக்குப் பின்னாடி ஒளிஞ்சு கெடக்குது. போட்டே ஆகணும்னா ஹப்போட வளையத்துல ஒக்கார்ற, தனி ஸ்டட் வெச்ச ஸ்பேசரா பாருங்க, ஓட்டை மட்டும் போட்ட தட்டு வேணவே வேணாம். வண்டியோட பழைய ஸ்டட் ஸ்பேசர் முகத்துக்கு வெளிய துருத்துதான்னு பாருங்க, துருத்துனா வீல் முழுசா ஒக்காராது. இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் ரோட்வொர்த்தி பண்ற (வண்டி ரோட்டுல ஓடத் தகுதியான்னு சோதிக்கிற) எடத்துலயும் முதல்லயே கேட்டுக்கோங்க. வீல் சைஸ் மாத்துனதையும் சேத்து எழுத்துல சொல்லிடுறது நல்லது, க்ளெய்ம் பண்றப்ப அதுதான் முதல் கேள்வியா வரும்.

நட்டு

இப்ப அந்த மூணாவது வாரம். தைப்பூசம் முடிஞ்சு உம்கேனி ரோடு கோயில்ல இருந்து திரும்பி வர்றோம், பின்னாடி பாத்திரம், முன்னாடி பெரியப்பாவும் ஆயாவும் நானும். என்2 ஃப்ரீவேயில மவுண்ட் எட்ஜ்கும் தாண்டுனதும் ஸ்டியரிங் லேசா ஆட ஆரம்பிச்சுது, ரோடு சரியில்லன்னு நினைச்சேன். அப்புறம் பின்னாடி டக் டக்னு ஒரு சத்தம், வேகத்துக்குத் தகுந்த மாதிரி கூடுது குறையுது. ஓரங்கட்டி எறங்கிப் பாத்தா பின் இடது வீல்ல ஆறு நட்டுல ரெண்டு காணோம், மிச்சத்த கையால திருப்பலாம், அவ்ளோ லூசு. ஓட்டை எல்லாம் வட்டம் போயி முட்டை மாதிரி ஆயிருந்துச்சு, மூணு ஸ்டட்டோட மரை நசுங்கிப் போச்சு. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா வீல் கழண்டு போயிருக்கும். ஆயா ரோட்டோரத்துல கைய கூப்பி முருகான்னு நின்னது என் கண்ணுலயே இருக்கு.

காரணம் இதுதான். இரும்பு ரிம்முக்கு வர்றது டேப்பர் நட்டு, முனை கூம்பா 60 டிகிரில இருக்கும், ரிம்முலயும் அதே சரிவுல குழி இருக்கும், ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஒக்காந்து வீல நடுவுக்கு இழுத்துப் பிடிக்கும். ஃபார்ச்சூனர் மேக்குக்கு அப்படி இல்ல. அதோட நட்டுக்கு நேரான கழுத்து ஒண்ணு இருக்கும், அதுல தட்டையான வாஷர் ஒண்ணு கழட்ட முடியாம சுத்திட்டிருக்கும். கழுத்து வீலோட ஓட்டைக்குள்ள போயிடும், வாஷர் தட்டை முகத்துல ஒக்காந்து அழுத்தும். இங்க மேக் நட்டுன்னு கேட்டா குடுப்பாங்க. எங்களுக்கு வீல் மாட்டுன டயர் கடையில, பேரு வேணாம், பக்கியோட பழைய டேப்பர் நட்டையே போட்டு கன்னால (நட்டு இறுக்குற மெஷின்) இறுக்கி விட்டுட்டாங்க. மரை ஒண்ணுதான், அதனால ஏறிடுச்சு, இறுகுன மாதிரியும் இருந்துச்சு. ஆனா கூம்பு முனை அலுமினியத்தோட கூர் விளிம்புல ஒரு மெல்லிசு கோட்டுல மட்டும்தான் தொட்டுட்டிருந்துச்சு, லோடு ஏத்தி குலுங்கக் குலுங்க அந்த விளிம்பு நசுங்கி நட்டு லூசாகி, லூசானது ஆடி ஆடி ஓட்டைய தின்னுடுச்சு.

அந்த ஒரு வீல தூக்கிப் போட்டோம், ஸ்டட் ஆறையும் புதுசா மாத்துனோம். மூணு நசுங்குனா மிச்ச மூணும் அந்த நேரத்துல அளவுக்கு மேல பாரம் தாங்கியிருக்கும், அத நம்ப எனக்கு மனசு வரல.

அதனால வீல் பேரம் பேசுறப்பவே நட்டு 24ம் சேத்துக் கேளுங்க. தர மாட்டேன்னா ஸ்பேர் பார்ட்ஸ் கடையில ஃபார்ச்சூனருக்குன்னு சொல்லி வாங்குங்க, கையில வெர்னியர் இருந்தா கழுத்தோட விட்டமும் வீல் ஓட்டையோட விட்டமும் அளந்து பாருங்க, கழுத்து வழுக்கிட்டு உள்ள போகணும், கடகடன்னு ஆடக் கூடாது. ஒண்ணு முக்கியம்: கம்பெனி வீல் மாதிரியே டிசைன்ல வர்ற நகல் வீல்ல சிலதுக்கு டேப்பர் குழி இருக்கும். அதனால பேர வெச்சு முடிவு பண்ணாதீங்க, ஓட்டைய டார்ச் அடிச்சுப் பாருங்க, சரிவா இருந்தா டேப்பர் நட்டு, தட்டைப் படி இருந்தா கழுத்து நட்டு. நட்டு எத்தன சுத்து ஏறுதுன்னும் எண்ணுங்க, வீல் முகத்தத் தொட்டு இறுகுற வரைக்கும் கையால எட்டு சுத்தாவது ஏறணும் (12 மில்லிமீட்டர் ஸ்டட்டுல 1.5 மரைக்கு எட்டு சுத்துன்னா 12 மில்லிமீட்டர் பிடி). அதுக்குக் கம்மின்னா நீளமான ஸ்டட் மாத்தணும்.

இன்னொண்ணு, டேப்பர் நட்டுன்னா அதோட கூம்பே வீல நடுவுல நிறுத்திடும், கழுத்து நட்டு வீலுக்கு ஹப்போட வளையமும் அந்தக் கழுத்தும்தான் துணை. அதனால நட்டு போடாம வீல ஹப்புல மாட்டி கையால மேல கீழ ஆட்டிப் பாருங்க. ஹப்புல நல்லா கவ்வி ஒக்காந்தா சரி. லொட லொடன்னா ஹப்பையும் வீல் துளையையும் அளந்து நடுவுல ஒரு சென்டரிங் வளையம் போடுங்க, இல்லாட்டி 80, 90ல ஸ்டியரிங் நடுங்கும், நீங்க பேலன்சிங் பேலன்சிங்னு அலைஞ்சிட்டே இருப்பீங்க.

மாட்டுற அன்னிக்கு

சமதளமான எடம், ஹேண்ட் பிரேக், எதிர் வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை. வீல் தரையில இருக்கறப்பவே நட்ட ஒரு சுத்து லூஸ் பண்ணிட்டு அப்புறம் ஜாக்கி, ஆக்ஸிலுக்குக் கீழ ஸ்டாண்டு. அந்த ஒசரமான ஹை-லிஃப்ட் ஜாக்கி சேத்துல மாட்டுனா தூக்குறதுக்குத்தான், அத நம்பி வண்டிக்குக் கீழ கை கால வைக்காதீங்க.

ஹப் முகத்த வயர் பிரஷ் போட்டு துரு, மண்ணு, பழைய பெயிண்ட் எல்லாம் போக தேய்க்கணும். வீலோட ஒக்கார்ற முகத்துலயும் பெயிண்ட் தடிப்பா இருந்தா எடுத்துடுங்க, அது நசுங்க நசுங்க நட்டு லூசாகும். ஸ்டட்டுல கிரீஸ் தடவுறது நெறைய பேருக்குப் பழக்கம், வேணாம், கிரீஸ் இருந்தா அதே டார்க்குக்கு (நட்ட இறுக்குற திருப்பு விசை) ஸ்டட் ரொம்ப அதிகமா இழுபடும்.

முதல்ல முன்னாடி ஒரு வீல மட்டும் மாட்டி எறக்குங்க. ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, டயருக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும், டயருக்கும் டிராக் லிங்க்குக்கும் (ஸ்டியரிங்க வீலோட சேக்குற கம்பி), பிரேக் ஹோஸுக்கும், மட்கார்டோட பின் ஓரத்துக்கும் எவ்ளோ இடைவெளின்னு பாருங்க. கை நுழையாத எடத்துக்கு நான் கண்டுபிடிச்ச வழி ரொட்டி மாவு. பெரியம்மாகிட்ட ஒரு உருண்டை கெட்டியா பிசைஞ்சு வாங்கி ஸ்பிரிங் ஓரத்துல ஒட்டி வெச்சு, ஸ்டியரிங்க மெதுவா ஒடிச்சு திரும்ப எடுத்தா மாவு நசுங்குன தடிமன்தான் இடைவெளி. 15 மில்லிமீட்டருக்குக் கம்மியா இருந்தா நான் விட மாட்டேன், ஏன்னா லோடுல டயர் பக்கவாட்டுல உப்பும், சேறு ஒட்டுனா இன்னும் அடைஞ்சுக்கும். அப்புறம் ஒரு முன் வீல உயரமான கர்ப் மேல ஏத்தி, ஆக்ஸில் சாஞ்ச நிலையில மறுபடி இதே சோதனை. பின்னாடியும் விட்டுடாதீங்க, அங்க ஒடியாதுன்னாலும் உள்ள 33 போயிருக்குல்ல, ஒரு பக்கம் ஏத்தி ஸ்பிரிங்கும் ஷாக்கும் தொடுதான்னு பாக்கணும்.

எல்லாம் சரின்னா நாலையும் மாட்டுங்க. நட்டு எல்லாத்தையும் முதல்ல கையால, அப்புறம் ஸ்பேனரால எதிரெதிரா மாத்தி மாத்தி, கடைசியா வண்டி தரையில எறங்குனதும் டார்க் ரெஞ்சால. எங்களுக்கு நான் வெக்கிறது 105 நியூட்டன் மீட்டர், உங்க வண்டி மேனுவல் ஒரு தடவ பாத்துக்கோங்க. கடையில கன்ன எடுத்தா கைய நீட்டி தடுத்து, கடைசி இறுக்கு நான் பாத்துக்கறேன்னு சொல்லுங்க. பேலன்சிங், முன் டோ (முன் வீல் ரெண்டும் உள்ள வெளிய திரும்பியிருக்கற அளவு) ரெண்டும் அன்னிக்கே பாத்துடுங்க.

ஓட்டுறப்ப தெரியுற மாத்தம்

பழைய 235/75 15 டயர் விட்டம் 734 மில்லிமீட்டர், புது 265/65 17 டயருக்கு 776. வண்டி 21 மில்லிமீட்டர் ஒசருது, அது நல்லது. ஆனா ஸ்பீடோமீட்டர் கம்மியா காட்டும், கிட்டத்தட்ட நூத்துக்கு ஆறு. முள்ளு 60ல நின்னா நீங்க போறது 63க்கு மேல, 100ல நின்னா 106, ஃப்ரீவேயில 120ன்னு நினைச்சா 127. கேமரா முன்னாடி இது விளையாட்டு இல்ல. ஓடோமீட்டரும் அதே அளவு கம்மியாத்தான் ஓடும், ஆயில் மாத்துறத கொஞ்சம் முன்னாடியே வெச்சுக்கோங்க. 2.8 டீசல்ல ஏத்தத்துல ஒரு கியர் எறக்க வேண்டி வருது, ஹோவிக் தாண்டி ஆர்617ல அண்டர்பர்க் போற வழியில அது நல்லாவே தெரிஞ்சுது. சானி பாஸ் ஏறுறப்ப லோ ரேஞ்ச் போட்டதுக்கப்புறம் ஒரு வித்தியாசமும் தெரியல, 2876 மீட்டர் உச்சி வரைக்கும் பழைய மாதிரியே ஏறுச்சு.

கதவுல ஒட்டியிருக்கற காத்து அளவு பழைய டயருக்குப் போட்டது. காலி வண்டிக்கு நான் 2.0ல இருந்து 2.2 பார், வாழைத்தார் ஏத்துனா பின்னாடி கூட்டிக்குவோம். கோசி பே பக்கம் மணல்ல போறவங்க 1.2 வரைக்கும் எறக்கலாம், ஆனா 17 இன்ச் ரிம்முல டயரோட பக்கச் சுவர் பழசவிட கொஞ்சம் கம்மி, கல்லுல அந்த அளவோட ஏறுனா ரிம் அடி வாங்கும், தார் ரோடு வந்ததும் முதல் வேலையா காத்த ஏத்திடுங்க.

ஸ்டெப்னிதான் கடைசித் தலைவலி. முடிஞ்சா அஞ்சாவது வீலும் அதே சைஸ்ல வாங்குங்க, பக்கிக்கு அடியில பழைய எடத்துல அந்த அகலம் ஒக்காருதான்னு பாத்துட்டு. எங்களுக்கு அஞ்சாவது கெடைக்க ரெண்டு மாசம் ஆச்சு, அது வரைக்கும் பழைய 15 இன்ச் இரும்பு வீலே ஸ்டெப்னியா கெடந்துச்சு. அத போட்டுட்டு ஃபோர்-வீல் எங்கேஜ் பண்ணக் கூடாது, விட்டம் வேற வேறயா இருந்தா டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் சக்திய பிரிச்சுக் குடுக்கற பெட்டி) முறுக்கிக்கும். ரெண்டு வீல் டிரைவ்ல மெதுவா பக்கத்து டயர் கடை வரைக்கும் மட்டும். அந்த இரும்பு வீலுக்கு டேப்பர் நட்டு வேணும்ங்கறதையும் மறக்காதீங்க. டொயோட்டா கழுத்து நட்டுல சிலதுக்கு முனையிலயும் ஒரு சின்ன சரிவு இருக்கும், இரும்பு ஸ்டெப்னில அது ஒக்காரும், ஆனா ராத்திரி மழையில ரோட்டோரத்துல நின்னு அத பரிசோதிக்க முடியாது. ஆறு டேப்பர் நட்ட ஒரு துணிப் பையில போட்டு கபிஹோல்ல (டேஷ்போர்டு பெட்டி) வெச்சிருக்கோம், பையில பெரியப்பா கையெழுத்துல "இரும்பு வீலுக்கு"ன்னு எழுதி இருக்கு.

மாட்டுன அன்னிக்கு 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு தடவ, அப்புறம் 100ல ஒரு தடவ டார்க் ரெஞ்ச் வைங்க. முதல் தடவ எங்க வண்டியில மூணு நட்டு கால் சுத்து ஏறுச்சு, ரெண்டாவது தடவ ஒண்ணு கூட அசையல.